நல்ல மண் மாதிரி, அரை கிலோ

எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை காலை, திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குள் ஒரு பெண்மணி நாலு நெற்பயிரை வேரோடு கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தார். விவசாயம் சம்பந்தப்பட்ட அலுவலகம். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். அந்தக் கட்டிடமே இப்போது இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரும் இல்லை. என் கோபம் மட்டும் இருக்கிறது. பென்ஷன் வாங்கத் தொடங்கி இத்தனை வருடம் ஆகியும் அது குறைந்தபாடில்லை.

நாலு பயிரும் ஒல்லியாக, வெளிறிய மஞ்சளாக இருந்தன. அடி இலைகள் நுனியிலிருந்து காய்ந்து வந்திருந்தன. தூர் கட்டவே இல்லை. வேரிலிருந்து சேறு சொட்டியது. அது சொட்டிய இடம் எங்கள் தபால் பதிவேடு. எனக்கு முதலில் கண்ணில் பட்டது பயிர் இல்லை, பதிவேடுதான். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“ஏம்மா, அத வெளிய வெச்சுட்டு வரக்கூடாதா?” என்றேன்.

“வெளிய வெச்சா நீங்க பாக்க மாட்டீங்களே சார்” என்றார்.

அடி அண்ணாமலையில் இருந்து வந்திருந்தார். நகரத்துக்கு நேர் எதிரே, மலைக்கு அந்தப் பக்கம். மலையைப் பாதி சுற்றித்தான் வர வேண்டும். நடந்தே வந்திருந்தார். அப்போது அந்தப் பாதையில் ஆட்டோ ஏது, பௌர்ணமிக்கு இன்று கூடும் கூட்டம்தான் ஏது. அவருடைய கணவருக்கு இழுப்பு நோய். வயலில் இறங்க முடியாதவர். பௌர்ணமியன்று மட்டும் வீட்டு வாசலில் கற்பூரமும் பொரியும் வைத்து உட்காருவார். மற்றபடி உழவு, நடவு, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் இந்த அம்மாள்தான். ஏறக்குறைய ஒரு ஏக்கர் குத்தகை நிலம். நிலத்துக்காரர் டவுனில் இருந்தார். முந்தின இரண்டு பட்டமும் விளைச்சல் சரியில்லை. “இந்த சம்பாவும் இப்டியே ஆச்சுன்னா நெலத்த வேற ஆளுக்கு வுட்டுடறேன்னு சொல்லிட்டாரு சார்” என்றார். கண்ணீர் எதுவும் இல்லை. தகவலாகச் சொன்னார்.

அவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் ஒரு சீட்டு. அந்தக் காலம் தெரியாதவர்களுக்கு: அப்போது உரத்துக்குக் கடும் தட்டுப்பாடு. கூட்டுறவு சங்கத்தில் மூட்டை இருந்தாலும், எங்கள் அலுவலகம் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் ஒரு பிடி கூடக் கிடைக்காது. அந்தச் சீட்டை எழுதும் ஆள் நான்.

“மண் பரிசோதனை அட்டை எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

ரவிக்கைக்குள் இருந்து மடித்த அட்டையை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். தழைச்சத்து: அதிகம். மணிச்சத்து: அதிகம். சாம்பல் சத்து: அதிகம். பரிந்துரை என்ற கட்டத்தில், தற்சமயம் உரமிடத் தேவையில்லை என்று ஆய்வுக்கூடத்தார் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

மேசைமேல் பயிர் மஞ்சளாகக் கிடக்கிறது. பக்கத்தில் அட்டை, எல்லாம் அதிகம் என்கிறது. இரண்டில் எதை நம்புவது? விவசாயம் படித்தவன் பயிரை நம்பியிருக்க வேண்டும். நான் அட்டையை நம்பினேன். ஏனென்றால் அட்டையில் முத்திரை இருந்தது.

“உங்க மண்ணுல எல்லாம் ஜாஸ்தியா இருக்கும்மா. சீட்டு குடுக்க வழியில்ல.”

“ஜாஸ்தியா இருந்தா பயிரு ஏன் சார் இப்டி, சோறு துன்னாத புள்ளயாட்டம் நிக்குது?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை. வேறு மாதிரி எடுத்து மறுபடி அனுப்பலாமா என்று அவரே கேட்டார். ஒரே சர்வே எண்ணுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் பரிசோதனை என்று சுற்றறிக்கை. அதை எண்ணோடும் பத்தியோடும் ஒப்பித்தேன். அவர் பயிர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பதிவேட்டைத் துடைத்தேன்.

அடுத்த திங்கள் மறுபடி வந்தார். அதற்கு அடுத்த திங்களும். மலையைப் பாதி சுற்றி வந்து, அதே பாதியைத் திரும்ப நடந்து போனால் கிரிவலக் கணக்கில் சேருமா தெரியாது. சேரும் என்றால் அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அவரைவிட அதிகப் புண்ணியம் சம்பாதித்தவர் யாரும் இருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கையில் நாலு பயிர். ஒவ்வொரு முறையும் முந்தின வாரத்தைவிட மஞ்சள்.

நடுவில் ஒரு நாள் கூட்டுறவு சங்கத்துக்கே போயிருக்கிறார். அங்கே செயலாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, “அதிகம் இருக்கற உனக்கு குடுத்துட்டா, கம்மியா இருக்கறவன் இன்னா பண்ணுவான்? பணக்கார மண்ணும்மா உன்னுது, குடுத்து வெச்சவ நீ” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மூன்றாவது திங்கள் அவர் இதைச் சொன்னபோதுதான் எனக்கு முதல்முறையாக உறைத்தது. செயலாளர் சொன்னதைத்தானே நானும் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தேன்? நான் சுற்றறிக்கை எண்ணைச் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். “கூட்டத்துல நீங்கதானே சார் சொன்னீங்க, அட்ட எடுத்தவங்களுக்கு மொதல்ல உரம்னு? எங்க ஊருல யாரும் எடுக்கல. நான் ஒருத்திதான் எடுத்தேன்.”

சொன்னது உண்மை. கோடையில் அவர்கள் ஊரில் கூட்டம் போட்டு, மைக்கில் சொன்னவன் நானேதான். மண்ணை அறிந்து உரமிடுங்கள், கம்போஸ்டும் ரசாயன உரமும் அளவோடு சேர்ந்தால்தான் நிலம் தாங்கும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதில் தப்பில்லை, இன்றும் அதையே சொல்வேன். அட்டை எடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? அட்டை இல்லாதவர்களுக்குப் பொதுப் பரிந்துரை என்று ஒன்று உண்டு. அதன்படி ஏக்கருக்கு இவ்வளவு என்று கேள்வியே இல்லாமல் சீட்டு எழுதிவிடுவோம். அவர் ஊரில் அத்தனை பேருக்கும் அப்படித்தான் எழுதினேன். சொன்ன பேச்சைக் கேட்டு அட்டை எடுத்த ஒருத்திக்கு மட்டும் உரம் இல்லை. இந்த லட்சணத்தில்தான் நாங்கள் விஞ்ஞான விவசாயத்தைப் பரப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நான் போனபோது அவர் தலையில் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தார். வயலின் மேற்கு மூலையில் ஒரு கம்போஸ்ட் குழி. அவர் பாஷையில் குப்பக்குழி. அதைப் பார்த்ததும் அசந்துவிட்டேன். எங்கள் ஆவணங்களில் எத்தனையோ கம்போஸ்ட் குழிகள் உண்டு. நேரில் போனால் அவற்றில் முக்கால்வாசி, மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். வெட்டிய குழியைத்தான் எண்ணுவோமே தவிர, அதில் எரு இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த அம்மாளின் குழி நிஜமானது. சாணம், புங்கந்தழை, ஆவாரந்தழை, போன வருடம் தீபத்துக்கு வந்தவர்கள் பாதையில் போட்டுப் போன வாழையிலை, மாலைகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து அடுக்கடுக்காகப் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து, மண் மூடி, பதமாக மக்க வைத்திருந்தார். கையில் எடுத்தால் உதிர்ந்தது. மழை பெய்த தரை மாதிரி வாசனை. குழியைச் சுற்றி ஒரு சென்ட் அளவுக்கு நிலம் கறுத்து, அங்கே இருந்த பயிர் மட்டும் கரும்பச்சையாக, இடுப்பு உயரத்துக்கு நின்றது. மிச்ச வயல் முழுக்கச் சரளை கலந்த செம்மண். அதில் நாம் பார்த்த அந்த மஞ்சள் பயிர்.

விஷயம் அங்கேயே பாதி விளங்கிவிட்டது. ஒரு குழி எரு, ஒரு ஏக்கருக்கு எந்த மூலைக்குக் காணும்? மாடு ஒன்றுதான் இருந்தது. எரு நிலத்தைத் திருத்தும், ஆனால் வருடக்கணக்கில்தான் திருத்தும். இந்தப் பட்டத்துப் பயிரின் பசி இன்றைக்கு. அதற்கு மூட்டை உரம் வேண்டும். அது கிடைக்காததால் அவர் குழியைக் காலி செய்துகொண்டிருந்தார். எருவை மட்டுமில்லை, குழியைச் சுற்றியிருந்த கறுத்த மண்ணையும் மண்வெட்டியால் சுரண்டிக் கூடையில் அள்ளிப் போய், மஞ்சள் பயிருக்கு நடுவில் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தார். நிலத்தில் நன்றாக இருந்த ஒரே மூலையை வெட்டி மற்ற மூலைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, மண்ணு மாதிரி எங்க இருந்து எடுத்தீங்க?”

“இதோ, இங்கிருந்துதான்” என்று குழியின் ஓரத்தைக் காட்டினார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கத்தினேன். எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது, வரப்பு ஓரம் எடுக்கக் கூடாது, மர நிழலில் எடுக்கக் கூடாது, வயல் முழுவதும் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து அதில் அரை கிலோ, இதுதானே முறை என்று மூச்சு விடாமல் பேசினேன். மண்ணைக் கூடப் படிக்காமல் விவசாயம் செய்தால் அரசாங்கம் என்ன செய்யும் என்று வேறு கேட்டேன். நான் அன்று பேசியதிலேயே கேவலமான வாக்கியம் அது.

அவர் கூடையை இறக்கி வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தது போல இருந்தது.

“நான் படிச்சுத்தான் சார் எடுத்தேன். அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன். பையில இன்னா எழுதி இருந்துதோ அதத்தான் குடுத்தேன்.”

“பையில இன்னா எழுதி இருந்துது?”

“நல்ல மண்ணு மாதிரி, அரை கிலோனு எழுதி இருந்துது. எங்க கிட்ட நல்ல மண்ணு இங்கதான் சார் கீது. சல்லடயில சலிச்சு, கல்லு பொறுக்கித்தான் குடுத்தேன். பொண்ணு பாக்க வர்றவங்க எதிர்ல பொண்ண கிழிஞ்ச பொடவயோடயா நிக்க வெப்பாங்க? அதுவும் சர்க்காருக்குப் போற மண்ணு.”

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பையில் இருந்த வாசகம் என்னுடையது. மண் மாதிரி எடுக்கும் துணிப்பைகள் மேலே இருந்து வெறுமையாக வந்தன. உள்ளூர் மொழியில் வாசகம் அச்சிட்டுக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். எங்கள் அலுவலகத்தில் தமிழில் எழுத ஆள் நான்தான். முதலில் ‘வயலின் பிரதிநிதித்துவ மண் மாதிரி’ என்று எழுதினேன். தகரத் தகட்டில் எழுத்து வெட்டுகிறவர், இத்தனை எழுத்துக்குத் தகட்டில் இடம் இல்லை என்றார். எளிய தமிழில் இருக்கட்டும் என்று நானே சுருக்கினேன். நல்ல மண் மாதிரி, அரை கிலோ. நல்ல மாதிரி என்ற அர்த்தத்தில். ‘நல்ல’ என்பது மாதிரியைச் சேர்ந்ததா, மண்ணைச் சேர்ந்ததா என்று யோசிக்கவே இல்லை. மூன்று சொல்லில் இரண்டு அர்த்தம் வைத்துவிட்டு, எளிய தமிழ் என்று மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினேன். அந்தத் தகட்டை வைத்தே மாவட்டம் முழுவதற்கும் பை அச்சடித்தார்கள்.

முறையைச் சொல்லும் துண்டுப் பிரசுரம் தனியாக அச்சாகி வந்தது. அதில் எருக்குழி, வரப்பு, மரநிழல் எல்லாம் தெளிவாகவே இருந்தது. விநியோகிக்கப்பட்டது என்று பதிவேட்டில் இருக்கிறது. பிரசுரக் கட்டுகள் என் மேலதிகாரியின் மேசை மின்விசிறிக்குக் கீழே, விசிறி அவர் முகத்துக்கு நேராகக் காற்று வீச வேண்டும் என்பதற்காக, பீடமாக இருந்தன. தினமும் பார்த்தவன் நான்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. மாதிரி எடுக்கும்போது அலுவலர் வயலில் இருக்க வேண்டும் என்பது விதி. படிவத்தின் அடியில் ‘எனது முன்னிலையில் எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்து. மாதத்துக்கு இத்தனை மாதிரி என்று இலக்கு வைத்துவிட்டால் எந்த வயலுக்குப் போவது? பையைக் கொடுப்போம், அவர்கள் நிரப்பித் தருவார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். விதி தெரியாமல் போடவில்லை. பத்தி எண் வரை தெரிந்து போட்டேன்.

அட்டையை ரத்து செய்ய வழி இருந்தது. மாதிரி எடுத்ததில் அலுவலகத்தின் தவறு இருந்தால், சம்பந்தப்பட்ட அலுவலர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு அட்டையை ரத்து செய்யலாம். ரத்து செய்துவிட்டால் அவர் அட்டை இல்லாதவர் ஆகிவிடுவார். அட்டை இல்லாதவருக்குத்தான் பொதுப் பரிந்துரை உண்டே, அன்றே சீட்டு எழுதலாம். ஆனால் தவறு விவசாயியுடையது என்றால் ரத்து கிடையாது. மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, யார் தவறு என்ற ஒரு வரியில் அந்த அம்மாளின் நிலம் நின்றது.

உடனே எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். நான் எழுதவில்லை. நான்கு நாள் எழுதவில்லை. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ‘விவசாயியின் அறியாமையால் நேர்ந்த பிழையை அலுவலகம் கருணையோடு பரிசீலித்து’ என்று ஒரு வரைவு தட்டச்சு செய்தேன். அழகான வாக்கியம். விதிப்படி அது செல்லாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் மேலதிகாரியிடம் காட்டினேன், அவராவது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டாரா என்று.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். “கருணைக்கு எந்த ஜி.ஓ.ல எடம் இருக்குதுய்யா? ரூல் தெரிஞ்ச நீயே இப்டி எழுதலாமா?”

“அப்ப, நான் வயலுக்குப் போகலன்னு உண்மைய எழுதிடறேன் சார்.”

சிரிப்பு நின்றது. “நீ போகலன்னு எழுதினா, மத்தவங்க எல்லாம் போனாங்களான்னு கேப்பான். அப்புறம் என்னக் கேப்பான். ஒரு பொம்பளைக்கு ரெண்டு மூட்ட உரத்துக்காக ஆபீஸையே கொளுத்தப் போறியா? மண்ணு அதுபாட்டுக்கு அதிகம்னு சொல்லிடுச்சு, விடு. மண்ணு பொய் சொல்லுமா?”

மண் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடமும் தனக்கு வந்த மண்ணுக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் ஒரே ஒரு பொய்தான் இருந்தது. அது என் கையெழுத்துக்கு மேலே இருந்த அந்த வரி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பிரசுரக் கட்டுகள். அவர் முகத்தில் காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கட்டை உருவியிருப்பேன். அதற்குப் பதிலாக என் நாற்காலிக்குத் திரும்பி, காகிதத்தைச் செருகித் தட்டச்சு செய்தேன். மாதிரி எடுக்கப்பட்டபோது நான் வயலில் இல்லை. பார்க்காமலே சான்றளித்தேன். பையில் நான் எழுதிய வாசகம் தவறான பொருள் தருவது. தவறு அலுவலகத்துடையது, விவசாயியுடையது அல்ல. கையெழுத்துப் போட்டு, தபால் பதிவேட்டில் எண் போட்டுப் பதிந்துவிட்டேன். பதிந்த தபாலை யாரும் விழுங்க முடியாது. நடைமுறை தெரிந்திருப்பதால் வந்த ஒரே நன்மை அது.

அடுத்த திங்கள் அவர் வந்தார். அட்டை ரத்தாகிவிட்டது, சீட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சீட்டை வாங்கவில்லை.

“ரத்து பண்றதுக்கு இன்னா காரணம் எழுதுனீங்க?”

“அதெல்லாம் ஆபீஸ் விஷயம்மா.”

“தப்பு என்னுதுன்னு எழுதுனீங்களா, உங்களுதுன்னு எழுதுனீங்களா? எனக்குத் தெரியணும். சங்கத்துல போயி நின்னா கேப்பாங்க.”

நகலை எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விரலை வைத்து, வாய்விட்டு. அலுவலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டச்சு இயந்திரங்கள் நின்றுவிட்டன. மேலதிகாரி அறைக் கதவு கொஞ்சம் திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. “பார்க்... காமலே... சான்... றளித்... தேன்” என்று அவர் கூட்டி முடித்தபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘விவசாயியுடையது அல்ல’ என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

“அப்ப நான் குடுத்தது சரிதான்” என்றார்.

“சரிதாம்மா.”

“நல்ல மண்ணு கேட்டீங்க, நல்ல மண்ணு குடுத்தேன்.”

“ஆமாம்மா.”

அப்புறம்தான் சீட்டை வாங்கினார். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, “அடுத்த தபா மோசமான மண்ணு வேணும்னா அதயும் பையில எழுதிடுங்க சார். எங்க கிட்ட அதுதான் ஜாஸ்தி” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

யூரியாவும் பொட்டாஷும் பயிர் கதிர் கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தன. தாமதம்தான். ஒரு மாதம் முன்பே கிடைத்திருந்தால் விளைச்சல் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த ஒரு மாதத்தைத் தின்றவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் பயிர் பத்தே நாளில் நிறம் திரும்பியது. தை மாத அறுவடையில் அமோகம் என்று சொல்ல முடியாது. நிலத்துக்காரர் வாய் திறக்காத அளவுக்கு விளைந்தது. நிலம் அந்த அம்மாளிடமே நின்றது. மறுவருடம் இன்னொரு குழி வெட்டினார். எருவை ஒரு மூலையில் குவிக்காமல் கோடையிலேயே வயல் முழுவதும் இறைத்து உழுதார். மூட்டை உரத்தை அதற்கு மேல், மூன்று தவணையாகப் போட்டார். நான் மைக்கில் ஒரு மணி நேரம் பேசிய விஷயத்தை அவர் சத்தமில்லாமல் செய்து முடித்தார்.

எனக்கு ‘கவனக்குறைவு’ என்று பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு விழுந்தது. பதவி உயர்வு சில வருடம் தள்ளிப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. அது சரியான தண்டனை. பார்க்காமலே என்னைவிட அதிகம் கையெழுத்துப் போட்டவர்கள் அந்தப் பட்டியலில் மேலே போனார்களே, அதில்தான் கோபம். இன்னொரு கோபமும் உண்டு. வாசகத்தைத் திருத்த வேண்டும், ‘வயல் முழுவதும் எடுத்துக் கலந்த மண்’ என்று இருக்க வேண்டும் என்று அன்றே எழுதி அனுப்பினேன். தகடு தேயும் வரை உபயோகிக்கவும் என்று பதில் வந்தது. தகரத் தகடு அவ்வளவு சீக்கிரம் தேயாது. எண்பதுகள் பிறந்தும் அந்த ‘நல்ல’ பைகளில் அச்சாகிக்கொண்டே இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு பையிலும் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் கறுப்பு மையால் கையால் அடித்தேன். அரசாங்கச் சொத்தில் கிறுக்கியதாக அதற்கும் ஒரு தடவை விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் முன் ஒரு முறை அந்தப் பக்கம் போனேன். குழி இருந்த மூலை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வயல் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தது. அந்த அம்மாள் வரப்பில் இருந்து என்னைப் பார்த்து, “இப்ப எங்க வேணாலும் எடுங்க சார்” என்று கத்தினார்.

என் சர்வீஸ் முழுவதும் எத்தனையோ அறிவிப்புகள் எழுதினேன். அவற்றில் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்து, அதில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே செய்த ஒரே ஆள் அந்த அம்மாள். நாங்கள் உரம் மறுத்ததும் அந்த ஒருத்திக்குத்தான். இன்றும் எங்காவது அரசாங்கப் பலகையில் ‘நல்ல’ என்ற சொல்லைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். அது எதைச் சேர்ந்தது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கிறேன். யாரோ ஒருத்தர் அதை நம்பி, சல்லடையில் சலித்து, கல் பொறுக்கிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.